செல்லாத கோலுக்குக் கழற்றிய சட்டை

என் தங்கை புருஷனைப் பற்றி யாராவது வாயைப் பிளந்துகொண்டு விசாரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்க மாப்பிள்ளை வெளிநாட்டுல ஃபுட்பால் ஆடுறாராமே!" ஆடுகிறான், ஆடுகிறான். பதினைந்து வருஷமாக ஆடிக் கிழிக்கிறான். பதினைந்து கிளப் மாறியிருக்கிறான். அதில் ஒரு கிளப்காரனாவது "இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போப்பா" என்று கையைப் பிடித்து நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. முகத்துக்கு நேரே "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை" என்றுதான் பேசுவேன். அது உறவுக்குக் கொடுக்கிற மரியாதை. முதுகுக்குப் பின்னால் எனக்கு அவன் வெறும் அவன்தான்.

நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். இரண்டு கார் ஓடுகிறது. கற்றுக்கொடுக்கிற காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் சுவரைப் பார்த்துப் போனால் நான் மிதித்துவிடுவேன். என் தங்கை இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்ற அன்றைக்கு மிதிக்க எனக்கு எந்தப் பிரேக்கும் கிடைக்கவில்லை. அவள் அப்போது மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். இவன் முட்டியில் சுற்றுகிற எலாஸ்டிக் பட்டி வாங்க வருவான். ஒரு மனுஷனுக்கு எத்தனை முட்டி இருக்கும்? வாரத்துக்கு ஒரு பட்டி வாங்கியிருக்கிறான். கடைக்காரருக்குக்கூட விஷயம் புரிந்துவிட்டது, எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

சரி, ஆட்டக்காரன் என்றால் என்ன ஆட்டக்காரன்? முன்னால் நிற்கிறவன் கோல் போடுவான், ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடும். பின்னால் நிற்கிறவன் கோலைத் தடுப்பான், அவனுக்கும் ஒரு பேர் உண்டு. இவன் நடுவில் நிற்கிறவன். மிட்ஃபீல்டர். இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பான். அந்தப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் கொடுப்பான். எதிரே கோல் போஸ்ட் ஆள் இல்லாமல் திறந்து கிடக்கும். இவன் பக்கத்தில் யார் நிற்கிறான் என்று பார்ப்பான். "அடிடா!" என்று நான் டிவி முன்னால் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதிலும் ஓட்டம் கிடையாது. நின்ற இடத்திலேயே நிற்பான். கேட்டால், "இடத்தைக் காக்கறது மச்சான், அதுவும் ஒரு வேலைதான்" என்பான். அடேயப்பா, பெரிய வேலை!

முதலில் போனது ஒரு துறைமுக ஊர். எலும்புக்குள் இறங்குகிற குளிர். கிளப் கொடுத்த அறையில் நாலு பேர், ஒரே ஒரு ஹீட்டர். அந்த ஹீட்டர் மேல் நாலு பேரின் சாக்ஸும் காயும். அந்த நாற்றத்தில் படுத்துக்கொண்டு என் தங்கைக்கு "இங்க எல்லாம் ரொம்ப வசதி" என்று போன் பண்ணுவான். அந்தச் சீசன் முடிந்ததும் போய் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த கிளப் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். இவனுடைய ஏஜென்ட், இவனை ஊர் ஊராகத் தள்ளிவிட்டே பிழைத்தவன், ஒரு வீடியோ தயார் பண்ணி அனுப்பினான். அதில் பத்தாம் நம்பர் சட்டை போட்ட ஒருவன் கோல் மேல் கோல் போடுகிறான். அந்தக் கோல் ஒவ்வொன்றுக்கும் முந்தின பாஸைக் கொடுத்தது ஆறாம் நம்பர். அந்த ஆறுதான் நம் ஆள். ஏஜென்ட் காட்ட நினைத்தது பாஸை. கிளப் முதலாளி பார்த்தது கோலை. பூங்கொத்தோடு விமான நிலையத்துக்கு வந்த மனுஷன், இறங்கி வந்தவனை மேலும் கீழும் பார்த்து, "நீ யாருப்பா?" என்று கேட்டாராம். வேறு எவனாக இருந்தாலும் ஒப்பந்தத்தை எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டியிருப்பான். இவன் "சாரி சார்" என்றானாம். இவன் ஏன் சாரி சொல்ல வேண்டும்? சட்டையில் பேர் அச்சடித்துவிட்டார்களே என்பதற்காக அந்த வருஷம் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு கிளப்பில் முதலாளி மகனும் நடுவில்தான் ஆடுவான். வாரம் முழுக்க இவன் பயிற்சியில் ஓடுவான், ஆட்டத்தன்று முதலாளி மகன் இறங்குவான், இவன் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டுவான். வேறொரு கிளப் சீசன் நடுவிலேயே இழுத்து மூடப்பட்டது. ஒருநாள் காலை போனால் கேட்டில் பூட்டு. இவன் பூட்ஸ் உள்ளே மாட்டிக்கொண்டது. சுவர் ஏறிக் குதித்து எடுத்தானா? இல்லை. வாட்ச்மேன் வரட்டும் என்று வெளியே நின்றிருக்கிறான். சொன்னேனே, நிற்பதில் கெட்டிக்காரன்.

வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வரும்போது அந்த வருஷத்துக் கிளப்பின் கம்பளி மஃப்ளர் ஒன்று கொண்டுவருவான். ஃபேன் போட்டாலும் வியர்க்கிற வீட்டில் மஃப்ளர்! என் தங்கை அதையெல்லாம் மடித்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாள்.

ஆட்டத்தில் என்ன பண்ணுகிறானோ அதையேதான் குடும்பத்திலும் பண்ணினான். எது வந்தாலும் பக்கத்தில் நிற்கிறவனிடம் தள்ளிவிடுவது. வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றால், "நீங்க பார்த்துக்கோங்க மச்சான்." பெண்ணை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, "நீங்க சொன்னா சரி மச்சான்." அந்தப் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது நான். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "அப்பா மாதிரியே மூக்கு" என்றாள். அவன் அப்பா இறந்தபோது முன்னால் நின்றதும் நான்தான். இவனுக்கு அன்றைக்குக் கோப்பைப் போட்டியாம். கோப்பையும் கிடைக்கவில்லை, அதை விடுங்கள்.

இப்படியே போயிருந்தால் நானும் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். போன வருஷம் என் தங்கைக்குக் கழுத்தில் கட்டி வந்தது.

டாக்டர் அம்மா கறாரானவர். தொட்டுப் பார்த்தார், ஊசி போட்டுச் சோதித்தார், "இது ஆற அமரப் பார்க்கலாம்னு விடற கட்டி இல்லம்மா. சீக்கிரம் எடுத்துடணும்" என்றார். நாள் குறித்தார்கள். என் தங்கை சாந்தமானவள்தான், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள், "அவர் வரணும் அண்ணா. அவர் வந்தாத்தான் நான் டேபிள்ல ஏறுவேன்."

"அவர் வந்து என்ன கிழிக்கப் போறார்? கத்தியைப் பிடிக்கப் போறவங்க டாக்டர். நான் இருக்கேன், உன் அண்ணி இருக்கா."

"நீங்க எல்லாத்துக்கும் இருந்தீங்க அண்ணா, இல்லைன்னு சொல்லலை. குழந்தை பிறந்தப்போ கண்ணைத் திறந்தா நீங்க நின்னீங்க. இந்தத் தடவை கண்ணை மூடறப்பவும் திறக்கறப்பவும் அவர் மூஞ்சிதான் தெரியணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறேன். இத்தனை வருஷத்துல வேற ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அது உண்மை.

முதல் தடவை கோச் லீவு கொடுக்கவில்லை. அந்தக் கிளப் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி இடங்களில் முடிந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்களாம், அதனால் யாரையும் விட மாட்டார்களாம். இவள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாள். இரண்டாம் தடவை பெட்டி கட்டிவிட்டான். கிளம்புகிற அன்று பயிற்சியில் இன்னொரு மிட்ஃபீல்டருக்குக் கால் முறிந்தது, பாதி வழியில் திரும்பக் கூப்பிட்டார்கள். திரும்பிப் போனான்! "காது கேக்கலைன்னு ஏறி உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே மாப்பிள்ளை!" என்று போனில் கேட்டேன். "எப்படி மச்சான், நடுவுல ஆள் இல்லையே" என்றான். இவள் மறுபடியும் தள்ளிப்போட்டாள். டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க தங்கச்சிகிட்ட எடுத்துச் சொல்லுங்க. மூணாவது தடவை தள்ளிப்போட்டா அப்புறம் நான் பொறுப்பில்லை" என்றார். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். சனிக்கிழமை இவனுக்கு ஆட்டம்.

அன்று அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மச்சான், இந்த ஞாயிறு ஆட்டத்துல நான் மஞ்சள் வாங்கிட்டு வந்துடறேன்" என்றான்.

"என்னது, மஞ்சளா? கடையிலயா?"

என் தங்கைதான் விளக்கினாள். தப்பாக ஆடினால் ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டுவார். ஒரு சீசனில் ஐந்து சேர்ந்தால் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. ஆடாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் கிளப்பில் அப்படித் தடை வாங்கினவனுக்கு அந்த வாரம் வீட்டுக்குப் போக விடுவது வழக்கம். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கெல்லாம் இது பழகிப்போன தந்திரம். அண்ணன் கல்யாணமா, போய் ஒருவன் காலில் இடி, அட்டையை வாங்கு, விமானம் ஏறு. உலகத்தில் இதைச் செய்யாதவன் இவன் ஒருவன்தானாம். இவன் கையில் அப்போது நாலு இருந்தது. நாலும் வயசாகிக் கால் மெதுவாகிப்போனதால், பந்து போன பிறகு போய் இடித்து வாங்கியவை.

லீவு கேட்டு நிற்கத் துணிச்சல் இல்லை, கள்ள வழியில் அட்டை வாங்குகிறானாம். சரி, அதையாவது உருப்படியாகச் செய்யட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கை வீட்டு டிவியில் அந்த ஆட்டம். போனிலிருந்து எப்படியோ இழுத்துப் போட்டிருந்தாள். வர்ணனை எந்த மொழியோ, ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் ஆஸ்பத்திரிப் பையைக் கட்டிச் சோபா பக்கத்தில் வைத்திருந்தாள். மேலே ஒரு மஃப்ளர், தையலை மறைக்கவாம். அந்தக் கம்பளிக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது. "அட்டை கிடைச்சா வெள்ளிக்கிழமை போறோம். கிடைக்கலைன்னா பையைப் பிரிச்சுடுவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வேண்டாத நாளில் நாலு அட்டை வாங்கத் தெரிந்தவனுக்கு வேண்டிய நாளில் ஒன்று வாங்கத் துப்பில்லை! ஒருவன் பந்தோடு வந்தான். இவன் காலை நீட்டினான். அவன் சொம்பைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போய்விட்டான். இன்னொருவனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். ரெஃப்ரி விசில் ஊதினார், பக்கத்தில் வந்தார், சிரித்தார், முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

"ஏன் குடுக்கலை?" என்று கத்தினேன்.

"அவருக்குத் தெரியும் அண்ணா. நாலு இருக்கறவன் திடீர்னு முரடனா மாறினா எதுக்குன்னு ரெஃப்ரிங்களுக்கு நல்லாத் தெரியும். சில பேர் வேணும்னே குடுக்க மாட்டாங்க" என்றாள். பையின் பிடியைக் கையால் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்து பந்தைத் தூர உதைத்து நேரத்தைக் கடத்தப் பார்த்தான். அது போய் அவன் அணிக்காரன் காலிலேயே விழுந்தது. இத்தனை வருஷமாகப் பாஸ் கொடுத்த கால், கெட்டதைச் செய்யச் சொன்னாலும் பாஸ்தான் கொடுக்கும். பிறகு ரெஃப்ரியிடம் சண்டைக்குப் போனான். சண்டை போடுகிறவன் கையை வீச வேண்டாமா? இவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற மாதிரி நின்று வாயை அசைத்தான். ரெஃப்ரி தலையாட்டிவிட்டு நடந்தார். "கெட்ட வார்த்தை சொல்லுய்யா, வாயில என்ன கொழுக்கட்டையா!" என்று நான் சோபாவில் குத்தினேன். ஆட்டம் முடியப் போகிறது. எதிரணி ஒரு கோல் முன்னால். இவள் மெல்லக் குனிந்து பையின் ஜிப்பைத் திறந்தாள். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்போதுதான் அது நடந்தது. கோல் போஸ்ட் பக்கத்தில் ஒரே கும்பல், கால் கால் என்று பந்து மோதுகிறது. ஒருவன் அதை முன்னால் தள்ளினான். அங்கே யார் நிற்கிறான்? நம் ஆள். வாழ்நாளில் போகாத இடத்துக்குப் போய் நிற்கிறான். பந்து காலுக்கு வந்தது. பக்கத்தில் யார் என்று பார்க்கவில்லை. அடித்தான். இடது காலால், கண்ணை மூடிக்கொண்டு அடித்த மாதிரி ஒரு அடி. வலைக்குள் போய்விட்டது.

நான் எழுந்தே விட்டேன். அவன் சட்டையைத் தலை வழியாகக் கழற்றினான். அதைச் சுழற்றிக்கொண்டு மைதானத்தின் ஓரமாக ஓடினான். முப்பத்தாறு வயசு உடம்பு. தோளில் வெள்ளை டேப், இரண்டு முட்டியிலும் பட்டி, இடுப்பில் லேசாகச் சதை. ஓடினான் ஓடினான், அந்த மூலைக் கொடி வரைக்கும் ஓடினான். பின்னால் ஒருவனும் வரவில்லை. அவன் அணிக்காரர்களே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கோச் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஓரத்தில் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஆஃப்சைடு. பந்தைத் தள்ளியபோது இவன் எதிரணியின் கடைசி ஆளையும் தாண்டி நின்றிருக்கிறான். கோல் செல்லாது. அது தெரியாமல் இந்த மனுஷன் அரை நிர்வாணமாக நின்று அந்த மூலையில் காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்துக் கையை விரிக்கிறான். மைதானம் முழுக்கச் சிரித்தது. வர்ணனைக்காரன் மூச்சுவிட முடியாமல் சிரித்தான், அதற்கு மொழி தேவைப்படவில்லை.

"அட கூமுட்டையே, கொடியைப் பாருடா!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ரெஃப்ரி அலுத்துப்போன முகத்தோடு அவ்வளவு தூரமும் நடந்துபோய் மஞ்சள் அட்டையைக் காட்டினார். இவன் கும்பிடாத குறையாகத் தலை குனிந்தான்.

"கிடைச்சுடுச்சு அண்ணா!" என் தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். "கோல் செல்லலைன்னாலும் சட்டையைக் கழட்டினா மஞ்சள் செல்லும். ரூல்." திறந்த ஜிப்பை இழுத்து மூடினாள்.

மறுநாளே அந்த வீடியோ எல்லோர் போனிலும் சுற்ற ஆரம்பித்தது. என் டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவனெல்லாம் வந்து, "சார், இந்தக் கிழவனைப் பாத்தீங்களா, கோலே இல்லாத கோலுக்கு டான்ஸ் ஆடறான்" என்று காட்டினான். யார் என்று தெரியாமல்தான் காட்டினார்கள். தெரிந்தவர்கள் காட்டாமல் சிரித்தார்கள். வெளியே தலை காட்ட முடியவில்லை எனக்கு.

ஏஜென்ட் போன் பண்ணிக் குதித்தான். "உங்க மாப்பிள்ளைக்குப் பைத்தியமா சார்? அடுத்த வருஷத்துக்கும் வெச்சுக்கறேன்னு கிளப்ல வாக்குக் குடுத்திருந்தாங்க, முதல் தடவையா! இப்போ முதலாளி, இந்தக் கோமாளி என் மைதானத்துல கால் வைக்கக் கூடாதுங்கறார். இனி எந்த ஊர்க்காரன் எடுப்பான்? கொடி தூக்கின பிறகு எவனாவது ஓடுவானா?"

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷம் ஆடியவனுக்குக் கொடியைப் பார்க்க வேண்டும் என்று தெரியாதா? முதல் நாள் காரில் உட்காருகிறவன்கூடக் கண்ணாடியைப் பார்க்கிறானே! விமான நிலையத்திலிருந்து அவனைக் கூப்பிட்டு வந்தபோது வழியெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். கையில் மஃப்ளர் இல்லை, அதை மட்டும் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை என் தங்கையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கதவு வரைக்கும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பிறகு வராந்தாவில் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அவன் ஒரு கோடியில், நான் ஒரு கோடியில். என் மனைவி தங்கை பெண்ணோடு வீட்டில் இருந்தாள். நடுவில் ஒரு வார்டு பையன், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன், வேலை இல்லாத நேரத்தில் வந்து உட்கார்ந்தான். போனைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது எதற்கென்று.

"சார், இதைப் பாருங்களேன், ஸ்லோ மோஷன்ல பாட்டோட போட்டிருக்கான்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டான். அதுவரை நான் வேகமாக ஓடுகிறதைத்தான் பார்த்திருந்தேன். இதில் எல்லாம் மெதுவாக நகர்ந்தது. பந்து வலைக்குள் போகிறது. அவன் நிமிர்கிறான்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவனின் காலை நான் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்ப்பேன். கண் எங்கே போகிறதோ அதைப் பார்த்தாலே அடுத்து அவன் என்ன செய்யப் போகிறான் என்று தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் அவன் கண்ணைப் பார்த்தேன். நிமிர்ந்தவன் முதலில் ஓரத்துக்குத் திரும்பினான். லைன்ஸ்மேனைப் பார்த்தான். கொடி மேலே போவதை முழுசாகப் பார்த்தான். ஒரு கணம் அப்படியே நின்றான். அதற்குப் பிறகுதான் அவன் கை சட்டைக்குப் போனது.

போனைப் பிடுங்கி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இன்னும் ஒருமுறை. "சார், சார், போன்" என்றான் அந்தப் பையன். "இரு" என்றேன்.

எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ளை, கொடி தூக்கினது உங்களுக்குத் தெரியுமா?"

முட்டியைத் தடவிக்கொண்டான். "தெரியும் மச்சான்."

"எப்போ?"

"கழட்டறதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன்யா அவ்வளவு தூரம் ஓடினீங்க? கழட்டித்தான் ஆகணும்னா நின்ன இடத்துலயே கழட்டியிருக்கலாமே!"

"நின்ன இடத்துல கழட்டினா, சரி, கோல் போயிடுச்சுன்னு கோபத்துல கழட்டறான்னு ரெஃப்ரி விட்டுடுவார். அன்னிக்கு அவர் என்னை விட்டுடற முடிவுலதான் இருந்தார். ஓடினாத்தான் கொண்டாடினதா ஆகும். கொண்டாடிட்டா அவர் குடுத்தே ஆகணும், வேற வழி இல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூலை வரைக்கும் ஓடினா எல்லா கேமராவும் பார்க்கும்" என்றான்.

"உலகமே சிரிக்குதே மாப்பிள்ளை! கிளப்புல இனி வராதேன்னுட்டானே. ஏஜென்ட் சொன்னான்."

"ஆமா மச்சான். சொல்லிட்டாங்க." பிறகு லேசாகச் சிரித்தான். "பதினஞ்சு வருஷத்துல என்னைப் பத்தி யாரும் பேசினதே இல்லை. இப்பவாவது பேசறாங்களே."

"ஏன்யா என்கிட்ட சொல்லலை? வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தேனே!" என்று கேட்டேன்.

"நீங்க எப்பவும் அப்படித்தானே மச்சான் இருப்பீங்க" என்றான். கிண்டல் பண்ணுகிறானா என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னான்.

அந்தப் பையன் போனை வாங்க வந்தவன், என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். போனில் இருக்கிற முகமும் நாற்காலியில் இருக்கிற முகமும் ஒன்று என்று அவனுக்கு உறைத்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான்.

"என்ன சிரிப்பு?" என்று எகிறினேன். "அவரைத் திட்டறதுக்கு நான் இருக்கேன். பதினஞ்சு வருஷமாத் திட்டறேன், எனக்கு உரிமை இருக்கு. உனக்கு என்ன இருக்கு? போய் ஸ்ட்ரெச்சரைத் தள்ளு, போ!"

அவன் போனைக்கூடச் சரியாக வாங்காமல் ஓடினான். மாப்பிள்ளை என் கையைத் தொட்டு, "விடுங்க மச்சான்" என்றார்.

மத்தியானம் டாக்டர் அம்மா வெளியே வந்தார். கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம், பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரட்டும், நல்லபடியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன் என்றார். "ஒருத்தர் மட்டும் உள்ள போகலாம். கண் முழிக்கற நேரம்." எப்போதும் எழுந்து பழகிய நான் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை போனார். நான் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கழுத்தில் பெரிய கட்டு. முகம் வெளுத்திருந்தது. அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். முதலில் எங்கேயோ பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என்றாலும் உதடு அசைந்தது. நர்ஸ் கதவைத் திறந்து வெளியே வந்ததால் எனக்கும் கேட்டது, காற்று மாதிரி ஒரு குரல்.

"ஆஃப்சைடு."

"ஒரு அடி தூரம்தான்" என்றார் மாப்பிள்ளை.

அவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து இரண்டு விரலைக் காட்டினாள்.

"சரி, ரெண்டு" என்றார்.

அந்த இரண்டு விரலும் கீழே இறங்கி அவர் சட்டையின் முனையைப் பிடித்துக்கொண்டன. பிடித்தபடியே அவள் மறுபடி தூங்கிப்போனாள். நர்ஸ் போய் நாற்காலி வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று தலையசைத்தார். உட்கார்ந்தால் சட்டை அவள் கையிலிருந்து நழுவிவிடும். சாயங்காலம் வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிற வரைக்கும், அந்த முட்டிகளை வைத்துக்கொண்டு, அந்த மனுஷன் நின்ற இடத்திலேயே நின்றார்.